மகாவலிக் கரையின் அமைதி

கண்டியிலிருந்து நாவலப்பிட்டி வரை செல்லும் பாதையின் நீளம் ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். பேராதனை, கெலிஓயா, கம்பளை, உலப்பனை என அப்பாதையில் வரும் ஊர்கள் யாவும் மகாவலி கங்கையின் கரையிலோ கரைக்கு அண்மையிலோ அமைந்தவை. இவ்வூர்களைப் பற்றி எழுதும் பிரயாணிகள் வழக்கமாகக் கையாளும் சொல் ஒன்றுண்டு. 'அமைதி' என்பதே அது. மூங்கிற் புதர்கள் நீரில் நிழல் சாய்க்க, ஆற்றின் வளைவோடு பாதையும் வளைந்து செல்வதைக் காண்போருக்கு அச்சொல் தானாகவே நாவில் எழும். எமக்கும் எழுந்தது. விடுமுறை நாளொன்றில் நாமும் எமது துணைவியாரும் இப்பாதை வழியே பஸ் வண்டியில் சென்றோம். ஊருக்கு ஊர் இறங்கினோம், கடைத்தெருவில் நடந்தோம், அடுத்த வண்டி வந்தபோது ஏறிக்கொண்டோம். குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டிய கருமம் எதுவும் எமக்கு இருக்கவில்லை. ஆயினும் வரலாறு கற்பிப்பவன் சன்னலோரத்தில் அமர்ந்தால் அவனுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. இந்த அமைதி எப்போது வந்தது, எவ்வாறு வந்தது, யாருக்கு வாய்த்தது என்ற வினாக்கள் வழிநெடுக எம்முடன் கூடவே வந்தன.

கண்டி நகருக்குத் தென்மேற்கே எழுந்து நிற்பது ஹந்தானை மலைத்தொடர். அதன் உயர்ந்த சிகரம் ஏறக்குறைய 3,800 அடி. கெட்டம்பையைக் கடக்கும்போது இடப்புறத்தில் அது தோன்றத் தொடங்கும். கெலிஓயாவைத் தாண்டியும் ஆற்றுக்கு அப்பால் நெடுந்தூரம் கண்ணில் நிற்கும். இம்மலைக்கு இருவகை நினைவுகள் உண்டு. சிங்கள இளைஞர் உலகில் ஹந்தானை என்பது காதலுக்கும் மாணவப் பருவத்துக்கும் மறுபெயர். 1969 ஆம் ஆண்டில் சுகதபால செனரத் யாப்பா இயக்கிய 'ஹந்தானே கதாவ' என்ற திரைப்படம் இந்நினைவை நாடு முழுவதும் பரப்பியது. பிற்காலத்தில் இடதுசாரித் தலைவராக விளங்கி, 1988 இல் சுட்டுக் கொல்லப்பட்ட விஜய குமாரதுங்க முதன்முதலாகத் திரையில் தோன்றியது அப்படத்திலேதான். தமிழருக்கோ ஹந்தானை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தோட்டம். கோப்பியும் பின்னர் தேயிலையும், கொழுந்துக் கூடையும் லயமுமே. 1925 இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001 இல் தேயிலை அரும்பொருட்சாலையாக மாற்றப்பட்டது. இயந்திரங்களும் துரைமாரின் பொருள்களும் அங்கே பேணப்படுகின்றன. கொழுந்து பறித்த கைகளைப் பேணிவைக்க எந்த அரும்பொருட்சாலையாலும் இயலாது. ஒரே மலையை இரு மக்கள் இருவேறு திசைகளிலிருந்து பார்த்து வந்துள்ளனர். ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லும் பணியை எமது பாடநூல்கள் இன்னும் தொடங்கவில்லை.

பேராதனையில் பஸ் வண்டி ஆற்றைக் கடக்கின்றது. இப்போதுள்ள இரும்புப் பாலம் 1905 இல் அமைந்தது. அதற்கு முன்னர், 1830களின் தொடக்கத்திலிருந்து அங்கே நின்றது முதிரை மரத்தாலான பாலம். 205 அடி அகலத்தை ஒரே வளைவில் தாண்டிய அப்பாலத்தில் ஆணி எதுவும் அறையப்படவில்லை என்று அக்காலத்தவர் வியந்து எழுதினர். வியக்கத்தக்கதுதான். ஆனால் பாலமும் பாதையும் எதற்காக எழுந்தன என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832 இல் அங்கேயே மாண்டான். 1817-18 இல் ஊவாவிலும் வெல்லசையிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, படைகளை விரைந்து அனுப்பப் பாதை இல்லாமையின் தொல்லையை ஆங்கிலேயர் நன்குணர்ந்தனர். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு-கண்டிப் பாதையை அமைக்கத் துணிந்ததன் காரணம் அதுவே. ஊதியமின்றி மலையை உடைத்தவர்கள் இராஜகாரியம் என்னும் பழைய கட்டாய ஊழியத்தால் பிணிக்கப்பட்ட சிங்களக் குடியானவர்கள். மன்னனுக்குச் செய்த ஊழியத்தை மன்னனை வீழ்த்தியவனுக்குச் செய்ய நேர்ந்தது. 1832 ஐ ஒட்டி அவ்வூழியம் ஒழிக்கப்பட்டபோது பிரதான பாதை முடிந்திருந்தது. தோட்டங்களுக்கோ வேறு கைகள் தேவைப்பட்டன. அக்கைகள் தென்னிந்தியாவிலிருந்து வந்தன. இன்று நாம் வசதியாக அமர்ந்து செல்லும் இப்பாதையில் சிங்கள விவசாயியின் வியர்வையும் தமிழ்த் தொழிலாளியின் வியர்வையும் அடுத்தடுத்து ஊறியுள்ளன.

பாலத்துக்கு இப்பால் பல்கலைக்கழகமும், அப்பால் 1821 இல் நிறுவப்பட்ட தாவரவியற் பூங்காவும் உள்ளன. 1944 இல் தென்கிழக்காசியப் போரை மவுண்ட்பேட்டன் நடத்தியது இப்பூங்காவிலிருந்தே. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. பேராசிரியர் கணபதிப்பிள்ளையிடமும் வித்தியானந்தனிடமும் தமிழ் கற்ற ஒரு தலைமுறை இங்கே உருவாகியது. கைலாசபதியும் சிவத்தம்பியும் அத்தலைமுறையினர். கிராமத்துக் கூத்தை வித்தியானந்தன் பல்கலைக்கழக மேடையில் ஏற்றிய அதே 1960களில், அதே வளாகத்தின் திறந்தவெளி அரங்கில் சரச்சந்திரவின் 'சிங்கபாகு' அரங்கேறியது. இவ்விரு முயற்சிகளும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டன. இலங்கையின் பண்பாட்டு வரலாற்றில் அத்தகைய காலம் மீண்டும் வரவில்லை. 1971 இலும் 1987-89 இலும் கிளர்ந்தெழுந்த சிங்கள இளைஞர்கள் கொடூரமாக ஒடுக்கப்பட்டனர். 1989 அக்டோபரில் இவ்வளாகத்தின் குளக்கரையைச் சுற்றி வெட்டுண்ட தலைகள் வைக்கப்பட்டிருந்தன. ஆற்றில் பிணங்கள் மிதந்ததைக் கண்டோர் இன்னும் இக்கரையில் வாழ்கின்றனர்.

பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையே, மேற்குப் புறக் குன்றுகளில் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க ஆகிய மூன்று பழந்தலங்கள் உள்ளன. கெலிஓயாவில் இறங்கி வேறு வண்டி பிடித்துச் செல்ல வேண்டும். கடலாதெனிய விகாரை 1344 இல் எழுந்தது. அதன் சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. கருங்கற் கட்டடத்தின் தோற்றமே அது தென்னிந்திய மரபில் வந்தது என்பதைச் சொல்லிவிடும். லங்காதிலகவின் பாறையில் சிங்களக் கல்வெட்டும் அதனோடு தமிழ்க் கல்வெட்டும் உள்ளன. சக ஆண்டு 1266 எனக் குறிக்கும் அது பௌத்த விகாரைக்கு விடப்பட்ட மானியங்களைத் தமிழில் பதிவுசெய்கின்றது. மலைநாட்டின் நடுவே, ஒரு சிங்கள மன்னனின் தலைநகருக்கு அருகில், பௌத்தக் கோவிலின் உரிமையைத் தமிழில் வெட்டிவைக்க வேண்டியிருந்தது என்றால், அதைப் படிக்கவும் மதிக்கவும் வேண்டிய மக்கள் அங்கே இருந்தனர் என்பது பெறப்படுகின்றது. எம் துணைவியார் அப்பாறையின் முன் நெடுநேரம் நின்றார். "எழுத்துத் தெரிகின்றது, சொல்தான் பிடிபடவில்லை" என்றார். அறுநூற்றெண்பது ஆண்டுகள் சென்ற பின்னும் எழுத்துத் தெரிவதே எமக்குப் பெரிதாகப் பட்டது.

இக்காலத்தைத் தமிழ்ப் பெருமைக்குச் சான்றாக மட்டும் எடுத்துக்கொள்வோரும் எம்மிடையே உளர். மடவளையிலுள்ள 1359 ஆம் ஆண்டுக் கல்வெட்டு, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி மார்த்தாண்டன் இம்மலைநாட்டுப் பகுதிகளில் வரி தண்டப் பிராமணர்களை அமர்த்தியதைக் கூறுகின்றது. வரி கொடுத்தவன் உழவன், அவன் சிங்களவன். வரி வாங்கியவன் எம்மொழியினன் என்பதால் அந்த உழவனின் சுமை குறைந்துவிடாது. அரசர்களின் வரலாற்றை மக்களின் வரலாறாக மயங்கிக் கொள்ளும் வழக்கம் இரு மொழியினருக்கும் பொதுவானது.

கம்பளை பெரிய ஊர். 1341 இல் நான்காம் புவனேகபாகு தன் தலைநகரை இங்கே மாற்றினான். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை தலையெடுக்கும் வரை ஆட்சி பெரும்பாலும் இங்கேயே இருந்தது. இன்று தலைநகரின் சுவடு எதையும் கடைத்தெருவில் காண முடியாது. துணிக்கடை, நகைக்கடை, பள்ளிவாசல், கோவில், விகாரை, கோழி விற்பவன், பூ விற்பவள் என எல்லாரும் எல்லாமும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்கும் தெரு அது. தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்துக்குள் மாறி மாறி ஒலிக்கின்றன. இலங்கைத் தோட்டத் தொழிலின் பிறப்பிடமும் இதுவே. 1823-24 ஐ ஒட்டி ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் முறையான முதற் கோப்பித் தோட்டத்தை அமைத்தார். மலையக மக்கள் தமது இருநூறு ஆண்டுகளைக் கணக்கிடுவது அங்கிருந்துதான். 1869 இல் கோப்பி இலையில் செந்நோய் கண்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் கோப்பி மறைந்து தேயிலை வந்தது. செடி மாறியது. அதை நட்டவனின் கூலியும் குடிசையும் மாறவில்லை.

இவ்வூரின் அம்பகமுவ வீதியில் நடக்கும்போது எமக்கு நினைவுக்கு வந்தது ஒரு வழக்கு. வலகாகொட தேவாலயத்தின் பெரகரா இவ்வீதி வழியே மேளதாளத்துடன் செல்வது வழக்கம். அங்கே புதிதாக எழுந்த பள்ளிவாசலின் முன்னே மேளம் நிறுத்தப்பட வேண்டும் எனக் கோரிக்கை எழுந்தது. 1912 இல் அரசாங்க அதிகாரிகள் தடை விதித்தனர். வழக்கு கண்டி மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்றது. 1815 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயச் சடங்குகளுக்குப் பாதுகாப்பளித்துள்ளது என்பது தேவாலயத்தின் வாதம். 1914 இல் நீதிபதி போல் பீரிஸ் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அவ்வாண்டு மே 28 ஆம் நாள், வெசாக் இரவில், கண்டியில் கலவரம் மூண்டது. சில நாட்களுக்குள் அது நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. பின்னர் இராணுவச் சட்டத்தின் பேரில் ஆங்கிலேயர் சிங்களவர் பலரைச் சுட்டுக் கொன்றனர்.

மேளத்தின் ஓசைக்காக மட்டும் இத்தனை உயிர்கள் மாண்டன என்று நம்புவது கடினம். போர்க்காலத்தில் அரிசியும் துணியும் விலையேறியிருந்தன. கடையும் கடனும் யார் கையில் இருந்தனவோ அவர்மீது பசித்தவனின் சினம் திரும்பியது. அச்சினத்துக்குச் சமயத்தின் பெயரை இட்டவர்கள், கடைகளுக்குப் போட்டியாக வளர்ந்துவந்த வேறு வணிகர்கள். ஆட்சியாளரோ பொருளாதாரக் காரணத்தைப் பேசவே விரும்பவில்லை. இராசத்துரோகமே காரணம் எனச் சாதித்தனர். சட்டசபையில் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடிய பொன்னம்பலம் இராமநாதனைச் சிங்களவர் வண்டியில் அமர்த்தித் தாமே இழுத்துச் சென்று கொண்டாடினர். கொள்ளையிடப்பட்ட முஸ்லிம் வணிகனுக்காக அதே ஆவேசத்துடன் பேச அன்றைய பெருந்தலைவர்களுள் எவரும் முன்வரவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. கண்டிக்குக் கிழக்கே, அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், தெல்தெனியவிலும் திகனவிலும் 2018 மார்ச்சில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6 இல் அவசரகால நிலை பிரகடனமானது. பழைய தெல்தெனிய நகரமோ 1980களிலேயே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் மறைந்துவிட்டது. நகரத்தை நீர் மூடலாம். பழைய பகைமை புதிய நகரத்துக்குக் குடிபெயர்ந்து சென்றது.

ஆற்றையும் சும்மா விடுவதற்கில்லை. நாவலப்பிட்டிக்கும் கம்பளைக்கும் இடையே கொத்மலை ஓயா மகாவலியில் கலக்கின்றது. 1947 ஆகஸ்டில் பெருகிய வெள்ளத்தை முதியோர் ஓர் ஆண்டுக் கணக்காகவே வைத்திருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கம்பளைக் கடைத்தெரு மீண்டும் நீரில் மூழ்கியது. மண்சரிவினால் மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. காட்டை அழித்துச் சரிவில் தோட்டமிட்டவன் இலாபத்தை இலண்டனுக்குக் கொண்டுபோனான். சரிவு இங்கேயே இருந்தது, லயமும் அதன் மேலேயே இருந்தது.

கம்பளையிலிருந்து மேலே செல்லச் செல்லப் பள்ளத்தாக்கு ஒடுங்குகின்றது. புகையிரதப் பாதை ஓரிடத்தில் அருகே வந்தும் ஓரிடத்தில் விலகியும் செல்கின்றது. அது 1867 இல் கண்டியை எட்டி, 1874 இல் நாவலப்பிட்டி வந்து சேர்ந்தது. பத்தாண்டுகள் நாவலப்பிட்டியே புகையிரதத்தின் எல்லை. 1884 இல்தான் ஹற்றனுக்குப் பாதை ஏறியது.

நாவலப்பிட்டியில் இறங்கியதும் நாம் தேடியது 1937 ஏப்ரல் 3 ஆம் நாள் கூட்டத்தை. கல்வெட்டோ பெயர்ப்பலகையோ எமது கண்ணில் படவில்லை. இலங்கை சமசமாஜக் கட்சி கூட்டிய அக்கூட்டத்துக்குச் சுமார் இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர் வந்திருந்தனர். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய பேசினார். அதன்பின் மேடையேறியவர் மார்க் பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞர். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து மடுல்கெலைப் பகுதித் தோட்டமொன்றில் தொழில் பயின்றவர். தொழிலாளர் பக்கம் சாய்ந்தமையால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். அவர் சுற்றியிருந்த மலைகளைச் சுட்டிக்காட்டி, அங்கே மாளிகைகளில் வாழும் துரைமார் தொழிலாளியின் உழைப்பில் வாழ்கின்றனர் எனப் பேசினார். தோட்டத்துரை பேசும் மொழியில், துரையின் தோலோடு நின்று ஒருவன் அவ்வாறு பேசியதைத் தோட்ட முதலாளிகளால் பொறுக்க இயலவில்லை. தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார், பின்னர் கைதானார். மே மாதம் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பேச்சுரிமையைப் பயன்படுத்தியமைக்காக ஒருவனை நாடுகடத்த இயலாது என்ற அத்தீர்ப்பு பின்வந்த தொழிற்சங்க இயக்கம் முழுவதற்கும் அரணாயிற்று.

அக்கூட்டம் ஏன் நகரத்தில் நடந்தது என்று கேட்பது பயனுடையது. தோட்டம் தனியார் நிலம். தோட்டத்துக்குள் அந்நியன் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். தொழிலாளியின் வீட்டுக்கு விருந்தினன் வருவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். ஆகவே தொழிலாளி மனிதனாக நின்று பேசக்கூடிய இடம் பாதையும் கடைத்தெருவும் பஸ் தரிப்பிடமுமே. ஆற்றங்கரை நகரங்கள் தொழிற்சங்க வரலாற்றில் பெற்ற இடத்துக்கு இதுவே அடிப்படை. 1940 ஜனவரியில் ஹந்தானைக்குக் கிழக்கே ஹேவாஹெட்டையிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானான். விசாரணைக் குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அதே ஆண்டு செப்டம்பரில் இலங்கை இந்தியர் காங்கிரசின் முதல் மாநாடு கம்பளையில் கூடியது. துப்பாக்கி தோட்டத்தில் வெடித்தது. அதற்கான பதில் கடைத்தெருவில் உருவாகியது.

அமைதியான ஊர்களில் ஒரு தம்பதியரின் பிரயாணம் என்றால் எமக்கு எம் பிரயாணம் நினைவில் வருவதில்லை. கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் மேற்கொண்ட பிரயாணங்களே வருகின்றன. தஞ்சாவூரிலிருந்து வந்து கொழும்பில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்திய நடேசய்யர், 1931 இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கு முதற் சங்கத்தை அமைத்தார். மீனாட்சியம்மை பத்திரிகையில் எழுதினார், பாடல்கள் இயற்றினார், அவற்றைச் சிறு நூலாக அச்சிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டங்களில் தாமே பாடினார். எழுத்தறியாத தொழிலாளர் பிரசங்கத்தைக் கேட்கத் தயங்கிய இடங்களில் பாட்டைக் கேட்கக் கூடினர். பாட்டு முடிந்ததும் கணவர் பேசுவார். பலர் அவரை நடேசய்யரின் துணைவி என்று மட்டும் எழுதி முடித்துவிடுகின்றனர். கூட்டத்தைக் கூட்டியவர் அவர் எனில், இயக்கத்தின் வரலாற்றில் அவரது பெயர் இரண்டாவதாக வருவதற்கு யாம் காரணம் காணவில்லை.

1947 தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரசின் கே. இராஜலிங்கம் பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே, 1948 இன் 18 ஆம் இலக்கச் சட்டம் அவருக்கு வாக்களித்தோரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. அடுத்து வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளரின் பிரதிநிதியாக எவரும் சபைக்குச் செல்ல முடியவில்லை.

பஸ் வண்டிகள் 1958 ஜனவரி முதலாம் நாள் தேசியமயமாக்கப்பட்டன. அதுவரை தனியார் கம்பனிகள் தமக்குள் அடித்துக்கொண்டு, இலாபமுள்ள பாதைகளில் மட்டுமே ஓடின. பண்டாரநாயக்க அரசாங்கம் அமைத்த இலங்கைப் போக்குவரத்துச் சபை, இலாபமில்லாத மலைப் பாதைகளுக்கும் வண்டி அனுப்பியது. இலண்டனில் ஓடிய சிவப்பு மாடி பஸ்கள் நூற்றுக்கணக்கில் வாங்கப்பட்டன. அன்றைய இடதுசாரிகள் அடைந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அதே ஆண்டு மே மாதக் கலவரத்தில், வழிமறிக்கப்பட்ட வண்டிகளிலிருந்து தமிழ்ப் பிரயாணிகள் இறக்கித் தாக்கப்பட்டனர். பஸ் பொதுச் சொத்தாயிற்று. அதில் அமர்ந்திருப்போர் எல்லாரும் ஒரே பொதுமக்கள் என்ற எண்ணம் சட்டத்தினால் வந்துவிடவில்லை.

1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பேசுவோம் என்று விட்டது. பெயர்ந்து சென்றவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவைப் பார்த்தறியாதவர்கள். தலைமன்னார் வண்டியில் அவர்களை ஏற்றிவிட்ட மலைநாட்டுப் புகையிரத நிலையங்களுள் நாவலப்பிட்டியும் ஒன்று. தலைமன்னார்-இராமேசுவரம் கப்பல் 1984 இல் நின்றது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கும் இருபது ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் புறப்பட்டது. மூதாதையர் வந்த வழியில் அவர்களின் வழித்தோன்றல்கள் கால்நடையாகவே வந்து ஆகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தனர்.

நாவலப்பிட்டித் தரிப்பிடத்தில் மாலை வேளையில் மேலே செல்லும் வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் முகப்பில் எழுதியிருந்த ஊர்ப்பெயர்களுள் பல, தோட்டப் பெயர்கள். சாமான் பைகளோடு பெண்களும், சீருடையோடு பிள்ளைகளும் ஏறினர். இறங்குமிடத்தை அவர்கள் நடத்துநருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அப்பெயருள்ள தோட்டங்கள் பலவற்றில் லயத்து வீடுகளுக்கு இன்னும் தனி விலாசம் கிடையாது. அவர்களுக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே போய்ச் சேருகின்றது.